வைகறைப் படக்காரர்

காவிரிக் கரையில், குறிப்பாகத் திருச்சி வட்டாரத்தில், ஆடி முதல் தை வரை தென்படும் மனித வகைகளுள் ஒன்று வைகறைப் படக்காரர். சூரியன் எழுமுன் ஆற்றைப் படமெடுப்பது இவருடைய தொழில் அல்ல. தொழில் வங்கியிலோ கணினி நிறுவனத்திலோ இருக்கும். நெற்றியில் கட்டிய விளக்கு, முழங்காலோடு கழற்றிவிடக்கூடிய கால்சட்டை, முதுகை வளைக்கும் பை ஆகியவற்றால் இருட்டிலும் அடையாளம் காணலாம். அலுவலக நாட்களில் இவரை எழுப்ப இரண்டு பேர் வேண்டியிருக்கிறது என்பது வீட்டார் தரும் கூடுதல் தகவல்.

இவருக்கு முதலில் வேண்டியது தண்ணீர். ஒரு குழி நிலம்கூட இல்லாத இவர், மேட்டூர் நீர்மட்டத்தை டெல்டா விவசாயியைவிடக் கவலையோடு பார்த்துவருகிறார். அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் 120 அடி, வழக்கமான திறப்பு ஜூன் 12, அடைப்பு ஜனவரி 28 என்பதெல்லாம் மனப்பாடம். குறுவை எது, சம்பா எது என்று மட்டும் கேட்கக் கூடாது. அடுத்தது மேகம். மேகமற்ற வானம் இவரைச் சோர்வடையச் செய்யும். அடைமழை மேகமும் அப்படியே. வெகு உயரத்தில் கீற்றாகப் படர்ந்த மேகம் வேண்டும். அடிவானத்துக்குக் கீழே இருக்கும் சூரியனின் சிவப்பு அதன் அடிப்பக்கத்தில்தான் முதலில் படும்.

மூன்றாவதாக இவர் தேடும் ஆளரவமின்மை காவிரியில் கிடைப்பதில்லை. அம்மா மண்டபம் படித்துறையில் அமாவாசையன்று விடியுமுன்பே தர்ப்பணக் கூட்டம் சேர்ந்துவிடும். ஆகவே மேற்கே கரூர் சாலையில் ஜீயபுரம் பக்கமாகப் போய், யாரும் வராத படித்துறை ஒன்றைக் கண்டுபிடிப்பார். அங்கே மூன்று தலைமுறையாகக் குளித்துவருபவர்கள் சற்று நேரத்தில் வருவார்கள்.

கலையை இவர் கற்றது வெளிநாட்டுக் காணொளிகளில். நார்வேக்காரர் ஒருவர் முக்காலியை நிறுத்தி, காப்பி குடித்து, தத்துவம் பேசி, பிறகு நிதானமாகப் படமெடுப்பார். அங்கே சூரியன் அடிவானத்தைச் சாய்வாகக் கடப்பதால் விடியல் வெளிச்சம் நீண்டு நிற்கும். லண்டனிலேயே ஜூன் மாதத்தில் முக்கால் மணி நேரம் கிடைக்கும். திருச்சி நிலநடுக்கோட்டிலிருந்து 11 பாகைக்குள் இருக்கிறது. இங்கே சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக எழுகிறது. அடிவானத்துக்கு 6 பாகை கீழிருந்து மேலே வர அதற்குச் சுமார் 22 நிமிடம் போதும். நம் படக்காரர் காப்பியை நார்வே கணக்கில் குடிக்கிறார்.

அந்த 22 நிமிடத்திலும் ஒரு பகுதி லென்ஸைத் துடைப்பதில் போகும். ஏசி அறையில் இரவெல்லாம் குளிர்ந்த கண்ணாடியை ஆற்றங்கரையின் ஈரக்காற்றில் வெளியே எடுத்தால் ஆவி படியும். துடைத்தால் மறுபடி படியும். கேமராவைப் பையோடு வெளித்திண்ணையில் வைத்துவிட்டுத் தூங்கினால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் ஒன்றரை லட்ச ரூபாயைத் திண்ணையில் வைத்துவிட்டு யாருக்குத் தூக்கம் வரும்?

இதற்கிடையே குளிக்க வந்த பெரியவர் முக்காலியைச் சுற்றிவந்து பார்ப்பார்.

“சர்வேக்கு வந்திருக்கீங்களா தம்பி? பாலம் வருதா?”

“இல்லீங்கய்யா, போட்டோ எடுக்கிறேன்.”

“யாரை?”

“ஆத்தைத்தான்.”

“ஆறு எங்க போயிடப்போகுது? விடிஞ்சப்புறம் எடுத்தா நல்லா வெளிச்சமா விழுமே.”

வானத்தின் அப்போதைய ஆழ்நீலத்துக்குக் காரணம் மேலடுக்கிலுள்ள ஓசோன் என்றும், சாய்ந்து நெடுந்தூரம் வரும் ஒளியில் ஆரஞ்சு, சிவப்புப் பகுதிகளை அது உறிஞ்சிவிடுகிறது என்றும் படக்காரர் விளக்குவார். பெரியவர் கேட்டுக்கொண்டே வேட்டியை மடித்துக்கட்டி, சரியாகப் படத்தின் நடுவில் ஆற்றில் இறங்குவார்.

இனி நடப்பது ஒளிப்பட வரலாற்றிலேயே தனியானது. வெளிச்சம் குறைவு என்பதாலும், ஒளியை மட்டுப்படுத்தும் கறுப்புக் கண்ணாடியை லென்ஸின் முன் மாட்டியிருப்பதாலும் ஷட்டர் 30 விநாடி திறந்திருக்கும். அவ்வளவு நேரத்தில் நடமாடும் மனிதர் படத்தில் பதியவே மாட்டார். அசையாமல் நிற்பவர் பதிந்துவிடுவார். பெரியவரோ இடுப்பளவுத் தண்ணீரில் கைகூப்பி நிற்கிறார். “ஐயா, கொஞ்சம் அப்படியும் இப்படியும் நடந்துக்கிட்டே இருக்கீங்களா?” என்று படக்காரர் குரல் கொடுப்பார். ஆடாமல் நில்லுங்கள் என்று ஸ்டூடியோக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகப் பழக்கிவைத்த மக்கள் இந்த வேண்டுகோளுக்கு இன்னும் தயாராகவில்லை.

முப்பது விநாடி முடிந்ததும் கேமரா இன்னொரு முப்பது விநாடி இருட்டையே படமெடுத்து, உணரியின் இரைச்சல் புள்ளிகளைக் கழித்துக்கொள்ளும். அப்போது எதுவும் செய்ய முடியாது. கொக்குக் கூட்டம் ஆற்றைக் கடப்பதும் கிழக்கு தீப்பிடிப்பதும் பெரும்பாலும் இந்த இரண்டாவது முப்பதில்தான்.

கிடைக்கும் படத்தில் தண்ணீர் ஆடை படிந்த பாலாக அசைவற்றுக் கிடக்கும். சுழியும் சலசலப்பும்தான் காவிரிக்கு அழகு என்பவர்களுக்கு இது பிடிக்காது. போட்டி நடுவர்களுக்குப் பிடிக்கிறது. மீதி வேலை வீட்டில், கணினியில். செல்போன் கோபுரம் போகும். எதிர்க்கரைச் செங்கல் சூளையும் பிளாஸ்டிக் குடமும் போகும். எஞ்சி நின்ற பெரியவரும் கடைசியில் போய்விடுவார்.

இது நியாயமா என்று கேட்பவர்களுக்கு ஆந்திரேயாஸ் குர்ஸ்கி பதில். அந்த ஜெர்மானியர் 1999-இல் உருவாக்கிய ‘ரைன் 2’ என்ற ஆற்றுப்படம் 2011-இல் நியூயார்க் ஏலத்தில் 43 லட்சம் டாலருக்குமேல் போனது. புல், நடைபாதை, புல், தண்ணீர், புல், வானம். வேறொன்றும் அதில் இல்லை. நாயோடு உலாவியவர்களையும் எதிர்க்கரைக் கட்டடத்தையும் அவர் கணினியில் அழித்திருந்தார். அந்தப் படத்தில் விடியலும் இல்லை, மேகம் மூடிய சாம்பல் நிறப் பகல்தான் என்பதைப் படக்காரர் சொல்வதில்லை. சொன்னால் நாலு மணி அலாரத்துக்குக் காரணம் இல்லாமல் போய்விடும்.

மேட்டூர் அடைத்து, மாசியில் மணல் வெளித்தெரிந்ததும் இவர் ஆற்றைவிட்டு ஏரிக்கரை மரங்களுக்கு இடம்பெயர்ந்து, பறவைப் படக்காரராக உருமாறுகிறார். பறவைக்கு அகலக்கோண லென்ஸ் உதவாது. 600 மில்லிமீட்டர் வேண்டும். வீட்டில் குர்ஸ்கியின் பெயரும் அந்த 43 லட்சமும் மறுபடி அடிபடுவது அப்போதுதான்.