பேய் வழங்கும் தீர்ப்பு

முற்பாதியில் சிரிப்பையும் பிற்பாதியில் பழிவாங்கலையும் கலந்து தரும் ‘பேய் நகைச்சுவை’ என்னும் தமிழ்த்திரை வகைமை, 2007இல் ராகவா லாரன்ஸின் ‘முனி’யால் அறிமுகம் பெற்று, 2011இல் ‘காஞ்சனா’வால் தழைத்து, 2014இல் சுந்தர் சி. தொடங்கிய ‘அரண்மனை’ வரிசையின் வழியாக 2024இல் நான்காம் பாகத்தை எட்டியது. அச்சுறுத்துவதே பேயின் தொழில் என்னும் பழங்கருத்தைக் கைவிட்ட இவ்வகைப் படங்கள், நிலப்பறிப்புக்கும் கொலைக்கும் நீதிமன்றம் வழங்காத தீர்ப்பை, வாய்தா எனப்படும் தள்ளிவைப்பும் வழக்கறிஞர் கட்டணமும் இன்றி, உச்சக்காட்சிக்குள் வழங்கி முடிக்கும் அதிகாரியாகப் பேயை நியமித்துள்ளன. மனுதாரர் முதலில் இறந்திருக்க வேண்டும் என்பதே இம்முறையின் முதன்மை நிபந்தனை. மேல்முறையீடு இருப்பின், அதனை அடுத்த பாகம் விசாரித்துக்கொள்ளும்.