ஐ-செவன் மாமா

ஆலங்குடியிலிருந்து கீரமங்கலம் போகிற வழியில் எந்த ஊரில் இறங்கி விசாரித்தாலும் இவர் ஒருவர் இருப்பார். வயது முப்பதைத் தாண்டியிருக்கும். ரேஷன் கார்டில் என்ன பெயரோ, சொந்தபந்தங்களுக்கு அவர் ஐ-செவன் மாமா. காலேஜ் திறக்கப் போகிறது என்றால் அவருடைய போன் ஓயாது.

"தம்பி, புள்ளைக்கு லேப்டாப்பு வாங்கணுமாம்ப்பா. முப்பத்தஞ்சாயிரத்துக்குள்ள எது நல்லாருக்கும்?" என்று ஏதாவது ஒரு அக்கா கேட்பார். மாமா உடனே பதில் சொல்லிவிட மாட்டார். தொண்டையைச் செருமிக்கொள்வார். "எந்தக் கம்பெனிங்கிறது பெருசில்லக்கா. உள்ள என்ன பிராசசர் கெடக்குங்கிறதுதான் பேச்சு" என்பார். அக்காவுக்கு ஒன்றும் விளங்காது. விளங்காததால் தம்பி மேல் மதிப்பு இன்னும் ஒரு படி ஏறும்.

இந்த ஞானம் ஒரே நாளில் வந்ததில்லை. 2011 செப்டம்பரில் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியபோது மாமா பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தார். அரசு நிறுவனமான எல்காட் வழியாக வந்த அந்த மிஷினில் 2 ஜி.பி. ராம், 320 ஜி.பி. ஹார்ட் டிஸ்க், மூடியில் முதலமைச்சர் படம். மற்ற பையன்கள் பாட்டு ஏற்றிக்கொண்டிருந்தபோது மாமா அதை ஃபார்மட் அடித்துப் பழகினார். தெருவில் யாருடைய லேப்டாப் வைரஸ் பிடித்துப் படுத்தாலும் பென்டிரைவோடு போய் நின்றார். பாதி மிஷின்கள் பிழைத்தன. மீதிப் பாதியின் சொந்தக்காரர்கள் திருப்பூருக்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போய்விட்டதால் அவர் மேல் புகார் எதுவும் நிலுவையில் இல்லை.

மாமாவின் தத்துவம் ஒன்றாம் வகுப்புக் கணக்கு. மூன்றைவிட ஐந்து பெரிது, ஐந்தைவிட ஏழு பெரிது. ஐ-3 என்றால் டைப் அடிக்கிறவனுக்கு, ஐ-5 என்றால் ஐ.டி.க்காரனுக்கு, ஐ-7 என்றால் நம்ம வீட்டுப் பிள்ளைக்கு. தாய்மாமன் சீர் மாதிரி நாலு பேர் பார்க்க வந்து இறங்க வேண்டும் என்பது உள்ளே ஓடுகிற எண்ணம்.

ஆனால் ₹35,000-க்குப் புது ஐ-7 எங்கே கிடைக்கும்? அதற்கும் மாமா வழி வைத்திருக்கிறார். "கம்பெனியில ஓடி வந்த பீஸு. கண்ணாடி மாதிரி இருக்கும்" என்று செகண்ட்ஸில் ஒன்றைக் காட்டுவார். உள்ளே இருப்பது ஐ7-6600யு. 2015-இல் வந்தது, கோர் இரண்டே இரண்டு. மாமா ஏளனம் செய்கிற ஐ-3 வரிசையில் 2022-இல் வந்த ஐ3-1215யு-வை எடுத்துக்கொண்டால், பெரிய கோர் இரண்டு, சின்னக் கோர் நான்கு, ஆக ஆறு. ஏழு என்பது அந்தந்த வருஷத்துச் செட்டுக்குள் யார் மூத்தவர் என்று காட்டுகிற எண். எந்த வருஷத்துச் செட்டு என்பது கோட்டுக்குப் பிறகு வருகிற எண்ணில் இருக்கிறது: 6600 என்றால் ஆறாவது தலைமுறை, 1215 என்றால் பன்னிரண்டாவது. இன்டெல்லில் எட்டாவது தலைமுறைக்குக் கீழே இருப்பவற்றில் பெரும்பாலானவற்றை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பதில்லை. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்துவந்த வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. கண்ணாடி மாதிரி இருக்கிற பீஸ் வீட்டுக்கு வரும்போதே பென்ஷன் வாங்கிவிட்டுத்தான் வருகிறது.

மாமாவுக்கு இரண்டு ஜென்ம விரோதிகள் உண்டு. ஒன்று ஏ.எம்.டி. "அது சூடாகும்" என்பது அவர் தீர்ப்பு. மேல்முறையீட்டுக்கு இடமில்லை. ரைசன் விற்பனைக்கு வந்ததே 2017-இல்தான் என்பதும், இன்றைக்கு மலிவு விலையில் கிடைக்கிற ரைசன்கள் இன்டெல்லுக்குச் சளைத்தவை இல்லை என்பதும் அவர் காதில் ஏறாது. புதுக்கோட்டை வெயிலில் லேப்டாப்பைத் தலையணை மேல் வைத்து, காற்று வாங்குகிற துவாரத்தை அடைத்து, இரண்டு சினிமா பார்த்தால் யாருடைய பிராசசரும் சூடாகத்தான் செய்யும்.

இன்னொரு விரோதி செலரான். இந்த விஷயத்தில் நியாயம் பெரும்பாலும் மாமா பக்கம். என்4020 போன்ற இரண்டு கோர் செலரானோடு 4 ஜி.பி. ராமையும் எஸ்.எஸ்.டி.க்குப் பதிலாக 64 ஜி.பி. இ.எம்.எம்.சி. சேமிப்பையும் சேர்த்து "மாணவர் சிறப்பு" என்று விற்பதைக் கண்டால் மாமா கொதிப்பது சரிதான். விண்டோஸ் அப்டேட் ஒன்று வந்தால் அந்த மிஷின் மூச்சு வாங்கும். மாமாவின் கஷ்டம் என்னவென்றால், 2023-இலிருந்து புது லேப்டாப்களில் இன்டெல் செலரான், பென்டியம் என்ற பெயர்களையே எடுத்துவிட்டு, வெறும் "இன்டெல் பிராசசர்" என்று ஒட்ட ஆரம்பித்தது. திட்டுவதற்குப் பெயர் இல்லாமல் அவர் கடையில் கொஞ்ச நேரம் தடுமாறினார்.

ஆனால் ஒரு ரகசியம். ஆடி, ஆவணி வந்தால் கீரமங்கலம், வடகாடு வட்டாரத்தில் மொய் விருந்துகள் களைகட்டும். ஆட்டுக்கறிச் சாப்பாடு ஒருபக்கம், நோட்டு எண்ணும் மெஷின் ஒருபக்கம், மொய் எழுதக் கம்ப்யூட்டர் ஒருபக்கம். அந்தக் கம்ப்யூட்டருக்குப் பின்னால் சில இடங்களில் நம் மாமாதான் உட்கார்ந்திருப்பார். ஊர், பெயர், தொகை என்று தட்டத் தட்ட ரசீது வரும். லட்சக்கணக்கான ரூபாய் அந்த மிஷினில் ஒருமுறைகூடத் தொங்காமல் ஏறி முடியும். அதற்குள் இருப்பது பழைய செலரான். ஸ்டிக்கரை மட்டும் மாமா நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டார்.

வாங்கிய மிஷினைச் சோதிக்க அவரிடம் ஒரே பரீட்சைதான்: வைஸ் சிட்டி ஓடுகிறதா? 2003-இல் கம்ப்யூட்டருக்கு வந்த அந்த விளையாட்டு கேட்பதெல்லாம் 800 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் 3-உம் 128 எம்.பி. ராமும்தான். இதில் ஃபெயிலான லேப்டாப் இதுவரை இல்லை. மாமா ஒவ்வொரு முறையும் திருப்தியாகத் தலையாட்டுவார்.

இந்த வருஷம் அவரிடம் சிக்கியது சொந்த அக்காள் மகள். பி.காம். சி.ஏ., முதல் வருஷம், புதுக்கோட்டை அரசு மகளிர் கலைக் கல்லூரி. அவளுக்கு வேண்டியது டேலி, எக்செல், நான் முதல்வன் வகுப்புகள், குரோமில் பத்துப் பன்னிரண்டு டேப், வாட்ஸ்அப்பில் வருகிற பி.டி.எஃப்.கள்.

"மாமா, கவர்மெண்டு காலேஜுப் புள்ளைகளுக்குக் குடுக்குறதே ஐ-த்ரீ இல்லன்னா ரைசன் த்ரீதானாமே?" என்றாள். 2025-26 பட்ஜெட்டில் அறிவித்த 20 லட்சம் கருவிகளுக்கான டெண்டரில் எல்காட் கேட்டது அதைத்தான். கூடவே 8 ஜி.பி. ராம், 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. "கவர்மெண்டு குடுக்குறது பின்ன எப்புடித் தாயி இருக்கும்?" என்றார் மாமா. லட்சக்கணக்கில் வாங்குகிறவர்களுக்கு ஐ-3 போதும் என்று தோன்றியிருக்கிறது. ஒன்று வாங்குகிற மாமாவுக்குத்தான் போதவில்லை.

புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில் ஒரு கடை. மாமா ஒரு லேப்டாப்பைக் கையில் வாங்கி, இன்னும் ஆன் செய்யாத மிஷினின் அடிப்பக்கத்தைத் தொட்டுச் சூடு பார்த்தார். பிறகு கடைப்பையனை மடக்குகிற தோரணையில், "கேச் எவ்வளவு?" என்றார். "பத்து எம்.பி. சார்" என்றான் அவன். அந்தக் கேள்விக்குப் பதில் ஒன்று உண்டு என்பது மாமாவுக்கு அன்றுதான் தெரியும். ஆனாலும் எதிர்பார்த்ததுதான் என்பதுபோல் மேலே பார்த்தார்.

"அண்ணே, ராம் ஸ்லாட் ஒண்ணு காலியா இருக்கா?" என்றாள் மருமகள்.

கடை ஒரு நிமிஷம் அமைதியானது. அன்றைக்குக் கேட்டதிலேயே பணம் பெறுமான கேள்வி அதுதான். 8 ஜி.பி. இன்றைக்குப் போதும், மூன்றாம் வருஷத்தில் போதாமல் போனால் காலி ஸ்லாட்டில் இன்னொரு 8 போட்டுக்கொள்ளலாம். பக்கத்தில் இருந்த ரைசன் 3 7320யு லேப்டாப்பில் அந்த வசதி கிடையாது. அந்தச் சிப்புக்கான ராம் போர்டோடு பற்றவைத்தே வரும். அதையொட்டி ரைசன் 5 7520யு இருந்தது. ஐந்து என்பதால் மாமா கண் அங்கே போனது. இரண்டும் நாலு கோர், எட்டு த்ரெட், ஒரே ஜென் 2 கட்டமைப்பு. வேகத்தில் சொற்ப வித்தியாசம், ஸ்டிக்கரில் இரண்டு எண் வித்தியாசம்.

அவள் ஐ3-1215யு-வைத் தொட்டுக் காட்டினாள். ஸ்லாட் காலி, எஸ்.எஸ்.டி. 512. அக்கா கொண்டுவந்த பணத்தில் ₹3,000 குறைந்தது. மாமா சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அக்கா வீட்டுக்கு வந்ததும் அதை மொய் நோட்டில் எழுதிக்கொண்டார். தம்பி அடுத்து மொய் விருந்து வைக்கும்போது திருப்பிச் செய்துவிட வேண்டும்.

சாயங்காலம் டீக்கடையில் பேச்சு வந்தது. "என்ன மாப்ள, கடைசியில ஐ-த்ரீதான் வாங்கிக் குடுத்தியாமே?"

மாமா கிளாஸைக் கீழே வைத்தார். "பன்னெண்டாவது ஜெனரேஷன்ண்ணே. ஏழும் அஞ்சும் எவ்வளவு?"