கள்ளச் சிரிப்பும் கள்ள நோட்டும்

கேள்வி: மயக்கிப் பேசி ஏமாற்றுபவனைச் சிரித்துக்கொண்டே ‘கள்ளன்’ என்கிறோம். தமிழும் மலையாளமும் கலந்து புழங்கும் எங்கள் ஊரில் அது திட்டா, கொஞ்சலா? (வாசகர், கஞ்சிக்கோடு)

பதில்: இரண்டும்தான், பறிகொடுத்தவர் முகத்தைப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். மலையாளத்துக் ‘கள்ளச்சிரி’யிலும் நம் கள்ளச் சிரிப்பிலும் உதடு மூடியிருக்கும், கடைக்கண் உண்மையைச் சொல்லிவிடும். கள்ள நோட்டில் அந்த அழகு இல்லை. மதுரையில் கோவலன் உயிரைக் குடித்தது ‘கள்வன்’ என்ற பழி. அதே மதுரைக்குப் பக்கத்து மலையடிவாரத்தில் பெருமாளே கள்ளழகர். கள்ளர் குலத்தார் வழிபட்டதால் வந்த பெயர், கொஞ்சல் அல்ல என்பார்கள். இருக்கட்டும். ஸ்ரீவைகுண்டத்துக் கள்ளபிரான், தன்னை நம்பிய திருடனைக் காக்க அவன் உருவத்திலேயே அரசன் முன் நின்றதாகத் தலபுராணம் சொல்கிறது. சீகாழிச் சிவனைச் சம்பந்தர் தம் முதல் பதிகத்தில் மனத்தைத் திருடியவனாகவே பாடினார். அங்கே பறிகொடுத்தவருக்குப் புகாரே இல்லை.

‘இப்படிச் செல்லம் கொடுத்துத்தானே ஏமாற்றுகிறவர்களை வளர்க்கிறோம்?’ என்று கேட்டால், நியாயமான கேள்வி. கல்யாணம் செய்துகொள்வதாகச் சொல்லி நகையோடு மறைந்தவனைக் ‘கள்ளன்’ என்று சிரிக்க எனக்கு மனம் வராது. அழுகிற பெண்ணின் முன்னால் அந்தச் சொல்லின் இனிப்பு அவனுக்குச் சலுகையாகிவிடும். அவனுக்கென்று ‘மோசடிக்காரன்’ இருக்கிறது.