பரிநடை நூற்பா உரை: ஜாதவ்பூர்ப் பகுதி

பரிக்குக் குளிரிலை; பாகற்கே குளிரே;
நடத்தற் குரியது நாலுகால் அன்றே.

என்பது நூற்பா. என் நுதலிற்றோ எனின், பிழைக்கப்போன தேசத்தில் குளிர்காலம் வந்ததும் குதிரைப் பயிற்சி தடைப்படுவதன் காரணம் உணர்த்துதல் நுதலிற்று. நூற்பாவை இயற்றியவரும் உரை எழுதுபவரும் ஒருவரே. ஆகவே மூலத்துக்கும் உரைக்கும் முரண் இராது என்று வாசகர் நம்பலாம். நம்பாதவர்களுக்கு வேறு உரை கிடைக்காது.

ஆய்வுக்களம் தெற்குக் கல்கத்தாவின் ஜாதவ்பூர். வடக்கே தாக்குரியா, தெற்கே பாகாஜதீன், நடுவில் எட்டு-பி பேருந்து நிலையமும் பல்கலைக்கழகமும். இப்பேட்டையில் குதிரை உண்டா என்பது முதல் ஐயம். இல்லை. குதிரை இல்லாத இடத்தில் குதிரை ஆய்வு எப்படி எனின், ஆய்வுப்பொருள் ஆய்வாளரைத் தொந்தரவு செய்யாதிருப்பது நல்ல ஆய்வின் முதல் இலக்கணம் என்க.

ஆனால் குதிரைக்கு முற்றிலும் அந்நியமான மண் என்று தள்ளிவிடவும் முடியாது. ஜாதவ்பூர் காவல்நிலைய முக்கிலிருந்து மேற்கே டாலிகஞ்சுக்குப் போகும் சாலைக்கு இளவரசர் அன்வர் ஷா பெயர். திப்பு சுல்தானின் வம்சத்தார். 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபின் திப்புவின் பிள்ளைகளைக் கும்பினியார் வேலூர்க் கோட்டையில் வைத்திருந்தார்கள். 1806 ஜூலை 10 அன்று அங்கே சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்ததும், இவர்களை இனி தென்னாட்டில் வைத்திருக்கக்கூடாது என்று கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். குதிரைப்படைக்குப் பேர்போன ஹைதர் அலியின் பேரர்கள், வெயிலுக்குப் பேர்போன வேலூரிலிருந்து வங்காளத்து மார்கழிக்கு வந்து சேர்ந்தார்கள். அவர்களுடைய முதல் குளிர்காலத்தைப் பற்றி வரலாற்றாசிரியர்கள் அரசியல் கோணத்தில் மட்டும் பார்த்திருப்பது வருத்தத்துக்குரியது. கம்பளி யார் கொடுத்தார்கள் என்பதல்லவா கேள்வி?

அக்குடும்பத்தின் கையிலிருந்த தோட்டத்தில்தான் 1895-இல் டாலிகஞ்ச் கிளப் எழுந்தது. குதிரையேற்றத்துக்கும் தடைதாண்டும் பந்தயத்துக்கும் பேர்பெற்ற இடம். அங்கே கோல்ஃப் புல்வெளியில் குள்ளநரிகளும் உலாவும். பரியும் நரியும் ஒரே வளாகத்தில் என்றதும் தமிழருக்கு வேறொன்று நினைவு வரும். மாணிக்கவாசகர் அரசன் கொடுத்த பணத்தைத் திருப்பெருந்துறைக் கோயிலுக்குச் செலவிட்டதும், நரிகள் பரிகளாகி மதுரைக்கு வந்ததும், இரவில் மறுபடி நரிகளாகி லாயத்திலிருந்த பழைய குதிரைகளைக் கடித்துக் குதறிவிட்டு ஓடியதும் தெரிந்த கதை. அதைப் பக்தியோடு படிப்பவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை: யாரும் அவிழ்த்து ஓட்டாமலே இரவோடிரவாகப் பயிற்சியை முடித்துக்கொண்ட லாயம் அது ஒன்றுதான்.

இனி, ‘பரிக்குக் குளிரிலை’ என்ற தொடருக்கு உரை. கல்கத்தாவில் ஜனவரி மாதத்து இரவுகள் சராசரியாக 14 டிகிரிக்கு இறங்கும். சில நாள் 10, 11. வளர்ந்த குதிரை தன் உடம்பைக் காக்கத் தனி முயற்சி எதுவும் எடுக்காமல் சுகமாக நிற்பது ஏறத்தாழ 5 முதல் 25 டிகிரி வரை. குளிர்காலத்து ரோமம் அடர்ந்துவிட்டால் பூஜ்யத்துக்குக் கீழேயும் கவலைப்படாது. அந்த ரோமமும் குளிர் பட்டு முளைப்பதில்லை. பகல் குறுகுவதைக் கண் பார்த்து உடம்புக்குச் சொல்ல, அது வளர்கிறது. போதாததற்கு உள்ளே ஓர் அடுப்பும் உண்டு. தின்ற வைக்கோல் பெருங்குடலில் நொதிக்கும்போது வெப்பம் பிறக்கிறது. ஆகவே குளிருக்கு மருந்து கூடுதல் வைக்கோல்தான். ஜாதவ்பூரின் மிகக் கொடிய தை மாதத்து விடியலிலும் குதிரை ஊட்டி பார்க்க வந்த சுற்றுலாப் பயணியாகத்தான் நிற்கும். அதற்கு ஆபத்து மே மாதத்தில்.

அற்றேல், டொராண்டோவிலும் ஆஸ்லோவிலும் போய்க் குடியேறிய தமிழர் குதிரை வளர்த்தால் அங்கும் நூற்பா செல்லுமோ எனின், செல்லும். அங்கே பனிக்கட்டி குளம்பின் குழிவில் உருண்டு ஒட்டிக்கொள்ளும். குதிரை செருப்பில் கல் மாட்டிக்கொண்டவர்போல் தடுமாறும். இறுகிய தரை மூட்டுக்கு ஆகாது. தண்ணீர் சில்லிட்டால் குதிரை குறைவாகக் குடிக்கும். உலர்தீனி குடலில் அடைத்து வயிறு நோகும். வேர்க்க ஓட்டிவிட்டு அப்படியே நிறுத்தினால் ஈர ரோமத்தில் குளிர் இறங்கும். எனவே குளம்பைச் சுரண்டுவது, வெதுவெதுப்பான தண்ணீர் வைப்பது, ஓடிய பிறகு மெல்ல நடத்தி வேர்வையை ஆற்றுவது, ஓட முடியாத நாளில் கையில் பிடித்து நடத்துவதோ நீளக் கயிற்றில் வட்டம் விடுவதோ செய்வது. இத்தனையையும் இருட்டோடு எழுந்து செய்யவேண்டியது யார்? இரண்டு கால்காரர். ஆக எழுந்துகொள்வதுதான் சிக்கல்.

‘பாகற்கே குளிரே’ என்பதற்குக் களச்சான்று ஜாதவ்பூரில் கொட்டிக்கிடக்கிறது. நவம்பரில் வெப்பமானி 20 டிகிரியைத் தொட்டதும், கண் மட்டும் தெரியும் மங்கி குல்லா தலையில் ஏறுகிறது. காஷ்மீர்ச் சால்வைக்காரர் வாசலில் மூட்டை அவிழ்க்கிறார். வில் போன்ற கருவியைத் தோளில் சாய்த்துக்கொண்டு, நாணைத் தட்டி ஒலியெழுப்பியபடி பஞ்சு அடிப்பவர் தெருவில் வருகிறார்; பழைய மெத்தைப் பஞ்சு புதுசாகப் பொங்கி லேப் என்னும் ரஜாயாகிறது. எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் முதலில் கேட்பது ‘டாண்டா லேகே ஜாபே’ என்ற எச்சரிக்கை. குளிர் பிடித்துவிடும் என்பது பொருள். மாடி வீட்டுப் பெரியவரிடம் “தாதா, இன்று 17 டிகிரிதானே?” என்று கேட்டேன். “தம்பி, டிகிரி எல்லாம் அலிப்பூர் வானிலை ஆபீசுக்கு. என் காதுக்கு இல்லை” என்று குல்லாவுக்குள்ளிருந்தே பதில் வந்தது. குளிரியலில் இதைவிடத் தெளிவான வரையறையை நான் படித்ததில்லை.

திருநெல்வேலியிலிருந்து வருகிறவர் முதல் ஆண்டு சிரிப்பார். அடுத்த ஆண்டு, ரயிலில் காற்றடிக்கிறது என்று சொல்லி மப்ளர் வாங்குவார். அதற்கடுத்த ஆண்டு அவரைக் குல்லாவோடு லேக் மார்க்கெட்டில், காப்பிப்பொடிக் கடை வாசலில் பார்க்கலாம். இது தோல்வி என்று ஒருசாரார். நாகரிகம் என்று இன்னொரு சாரார். குல்லா எனக்கும் உண்டு என்பதால் நான் பின்னவரோடு.

எதிர்வழக்கு ஒன்று உண்டு: அயல்மண்ணில் குதிரைதானே முதலில் சாகிறது, மனிதனா? மெய். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் காயலுக்கு வந்த மார்க்கோ போலோ, பாண்டிய அரசர்கள் ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் கடல்வழிக் குதிரை வாங்கியதையும், ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சாததையும் எழுதியிருக்கிறார். இறைச்சியோடு வேகவைத்த சோற்றைப் போட்டார்களாம்; லாடம் அடிப்பவரும் வைத்தியம் தெரிந்தவரும் இல்லையாம். அரேபியக் குதிரைக்குப் பிரியாணி போட்டுக் கொன்றதற்குக் குளிர் எப்படிப் பொறுப்பாகும்? கல்கத்தாவிலும் இதே கணக்கு. 1873 பிப்ரவரி 24 அன்று சியால்தாவிலிருந்து ஆர்மீனியன் துறைக்கு முதல் குதிரை டிராம் ஓடியது. அவ்வாண்டே நின்று, 1880-க்குப்பின் மறுபடி ஓடி, நூற்றாண்டு முடிவதற்குள் டிராம் கம்பெனியிடம் சுமார் 1,000 குதிரைகள் சேர்ந்தன. ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பலேறி வந்தவை பல. அங்கே குளிர் தொடங்கும்போது இங்கே கோடை என்பதால், ரோமம் வளர்த்துக்கொண்டு புறப்பட்ட குதிரை கிதர்ப்பூர்த் துறையில் வெயிலுக்குள் இறங்கும். 1902-இல் மின்சாரம் வந்து அவற்றை விடுவித்தது. குளிரால் டிராம் நின்றதாக யாரும் குறை சொன்னதில்லை.

உள்ளபடி கல்கத்தாவில் குதிரைக்குக் குளிர்காலம்தான் திருவிழா. 1847-இல் அமைந்த டர்ஃப் கிளப்பின் பெரிய பந்தயங்கள் அந்தப் பருவத்தில்தான். வைஸ்ராய் காலத்தில் அவர் பெயரிலான கோப்பை கிறிஸ்துமஸ் மறுநாள். 1840-இல் தொடங்கிய குதிரைப் போலீசார் பனிமூட்டம் கலையுமுன் மைதானத்தில் சுற்றுகிறார்கள். விக்டோரியா நினைவகத்துக்கு எதிரே சாரட்டு இழுக்கும் குதிரைகளைப் பற்றி மட்டும் ஆய்வு நடையில் எழுத வரவில்லை. டிசம்பரில் ஊரே வேடிக்கை பார்க்க வருவதால் அவற்றுக்கு ஓய்வே இல்லை. விலா எலும்பை எண்ணலாம். பயிற்சி போதவில்லை என்று இந்த நூற்பாவை அவற்றிடம் யாரும் வாசிக்க வேண்டாம்.

இனிச் செயல்முறை. ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட குதிரை பாங்குராவின் பாஞ்சமுரா ஊர்க் குயவர் செய்தது. நீண்ட கழுத்து, உள்ளே பொள்ளல், காதும் வாலும் தனியே செருகுவன. ஜாதவ்பூரில் இது இல்லாத முன்னறை குறைவு. நம்மூர் ஐயனார் கோயில் மண்குதிரைக்கு இது தம்பி முறை. ஆனால் ஐயனார் குதிரை இரவில் ஊரெல்லை சுற்றி வருவதாக நம்பிக்கை; அதற்குப் பயிற்சி அன்றாடம் நடந்துவிடுகிறது. பாங்குராக் குதிரையோ புத்தக அலமாரிமேல் ஆண்டுக்கணக்கில் நிற்கிறது. சுட்ட மண்ணுக்கு மெய்யான உறைகுளிர் ஆகாது: நுண்துளைகளில் புகுந்த நீர் உறைந்தால் பருமன் ஏறக்குறைய 9 விழுக்காடு கூடி மண்ணை வெடிக்கவைக்கும். ஜாதவ்பூரில் நீர் உறைவது குளிர்ப்பெட்டியில் மட்டும் என்பதால் அந்த அச்சம் இல்லை. ஐயமிருப்பவர் பக்கத்திலேயே 1950 முதல் இயங்கும் மத்திய கண்ணாடி, பீங்கான் ஆய்வு நிறுவனத்தைக் கேட்டுக்கொள்ளலாம். நான் வாயில் காவலரைத் தாண்டவில்லை.

விதி இது: காலை பத்து மணி வெயிலில், காதைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, குதிரையை இரு கையாலும் எடுத்து மொட்டைமாடிக்கு ஏறி, மூன்று சுற்று வந்து இறங்குக. குதிரைக்கு மூச்சு வாங்காது, பாகனுக்கு வாங்கும். ‘நாலுகால் அன்றே’ என்றது இதனான் என்க.

புறனடை ஒன்று. வேலைக் குதிரைக்குத் திங்கட்கிழமை நோய் என்று ஒன்றுண்டு. ஞாயிறன்று ஓய்வு கொடுத்துத் தீனியைக் குறைக்காமல் போட்டால், மறுநாள் வேலையில் பூட்டியதும் தொடைத்தசை இறுகி நகரமாட்டாமல் நின்றுவிடும். ஆகவே ஓய்வுநாளில் தானியத்தைக் குறைக்கவேண்டும். ஜாதவ்பூர் வழியாகவே போகும் ரயில் தடத்தில்தான் ஜெய்நகர் இருக்கிறது. ஈச்ச வெல்லத்தில் பொரியை உருட்டி அவ்வூர் செய்யும் மோவா குளிர்காலத்தில் மட்டும் கிடைக்கும். இந்த இரண்டு செய்திகளையும் சேர்த்துப் படித்த என் மனைவி, ஞாயிற்றுக்கிழமை விதியைக் குதிரைக்கு அல்லாமல் உரையாசிரியருக்கு நடைமுறைப்படுத்தியிருக்கிறாள். மோவாப் பெட்டி இப்போது அலமாரியின் உச்சித்தட்டில், குதிரைக்குப் பின்னால்.