டீ கிளாஸ் திரும்பும் நேரம்: சப்வெர்ஷன் நினைவகம் குறித்து ஓர் ஆராய்ச்சி

சிங்கப்பெருமாள் கோவிலில், ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து ஒரகடம் சாலை பிரியும் முனையில், ஷிப்ட் பஸ்ஸுக்கு நிற்பவர் கையில் டீ கிளாஸ் இருக்கும். இவ்வூருக்கு வந்த அறிஞர்கள் நரசிம்மரின் குடைவரையை ஆராய்ந்தார்கள். கிளாஸ் எப்போது கழுவப்படுகிறது என்பதை விட்டுவிட்டார்கள். அக்குறை இங்கே களையப்படுகிறது.

கிளாஸ் மீட்பில், அதாவது நிரல் பயன்படுத்தி முடித்த நினைவகத்தைத் திரும்பப் பெறுவதில், இரு மரபுகள் உண்டு. பைத்தான் மரபு, ஒவ்வொரு கிளாஸையும் எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று எண்ணும்; பூஜ்யமானதும் கழுவப் போடும். 2000-இல் கொலாப்நெட் தொடங்கி, 2004-இல் 1.0 கண்ட, நிரல் திருத்தங்களைப் பதிந்துவைக்கும் சப்வெர்ஷனோ சி மொழியில் எழுதப்பட்டது, அப்பாச்சியின் ஏ.பி.ஆர். நூலகம் தரும் 'பூல்' முறைப்படி நடப்பது. ஒரு பஸ் ஆட்களுக்கு ஒரு தட்டு. பஸ் கிளம்பினால் தட்டோடு அள்ளிவிடுவார்கள். கிளாஸைத் தனியாகத் திருப்பிக் கொடுக்க வழி கிடையாது.

சப்வெர்ஷனின் சி நிரலைப் பைத்தானிலிருந்து அழைக்க வழிசெய்து, இவ்விரு மரபினருக்கும் சம்பந்தம் பேசி வைப்பதுதான் பைண்டிங். வீட்டுச் சண்டை அங்கேதான் ஆரம்பம்.

ஆயிரம் திருத்தங்களைச் சுற்றிவரும் லூப்பில் ஒரே பூலைக் கொடுத்துக்கொண்டே போனால், ஆயிரம் பஸ்ஸின் கிளாஸும் ஒரே தட்டில் குவியும். பைத்தான் பொருள்கள் செத்துத் தொலைந்தாலும் தட்டு இளைக்காது. லூப்புக்கென ஒரு துணைப் பூல் வைத்து, ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் துடைப்பதே முறை. அவசரப்பட்டுத் துடைத்தால் பாதி குடித்தவரின் கிளாஸ் பறிபோகும். சி மொழியில் அது நிரலையே கவிழ்க்கலாம், பைத்தான் பைண்டிங் நல்லவேளையாக அசெர்ஷன் பிழை போட்டு நிறுத்தும்.

பூலே கொடுக்காவிட்டால்? பைண்டிங் தானே ஒரு துணைப் பூலை உருவாக்கிக்கொள்ளும். சௌகரியம்தான். ஆனால் அதில் பிறந்த ஒரு சின்னப் பொருளை யாரோ மூலையில் பிடித்து அரசியல் பேசிக்கொண்டிருந்தாலும் முழுத் தட்டும் முடங்கும். என் கணிப்பில் இதுவே கொடிய நோய், வெளியே தெரியாது. வேண்டிய எண்ணையோ சரத்தையோ பைத்தான் பக்கம் நகலெடுத்துக்கொண்டு மூலத்தை விட்டுவிட வேண்டும். சப்வெர்ஷனோடு இணைந்து இயங்கும் திட்ட மேலாண்மைக் கருவியான டிராக்கின் குழுவினர் இந்தத் தொல்லைக்காகத் தங்கள் நிரலில் தனியே ஒரு பூல் வகுப்பே எழுதி வைத்தார்கள்.

பேப்பர் கப் கட்சி ஒன்றும் உண்டு: எதையும் கழுவாதே, புரோகிராம் முடிந்தால் இயங்குதளமே வாரிக்கொண்டு போகும் என்பது அதன் கொள்கை. ஒருமுறை ஓடி முடியும் ஸ்கிரிப்டுக்கு இதை நான் மறுக்கமாட்டேன். மாதக்கணக்கில் நிற்காமல் ஓடும் சர்வருக்குக் குப்பை வண்டி வராது.