பாசிக்கு இரவுப் பணி

கடல்மீன் தொட்டி வைத்திருப்பவர் நைட்ரேட் சோதனையில் இறங்கிவிட்டால், காஸ் புக் செய்தாயிற்றா என்று அவரிடம் யாரும் கேட்கக்கூடாது. இரண்டாம் புட்டியை அரை நிமிடம் பலமாகக் குலுக்கியாக வேண்டும். அடியில் தங்கிய பொடி கலக்காவிட்டால் அளவு குறைவாகக் காட்டி ஏமாற்றிவிடும். அப்புறம் சோதனைக்குழாயை ஒரு நிமிடம் குலுக்கல், ஐந்து நிமிடம் தவம். கடைசியில் ஜன்னலோரம் போய் வண்ண அட்டையில் ஒட்டிப் பிடித்துப் பார்ப்பார்.

"கனகாம்பர நிறந்தானேங்க இது?" என்பார் மனைவி.

"சரியாப் பாரு, மஞ்சள்தான். வெளிச்சம் பத்தலை" என்பார் அவர்.

மஞ்சள் என்றால் நல்ல சேதி, சிவப்பு என்றால் கெட்ட சேதி. 40-க்கும் 80-க்கும் நடுவே அந்த அட்டையில் என்ன வித்தியாசம் என்பதைப் புடவைக்கடைக்காரர்தான் சொல்ல வேண்டும்.

இத்தனை நைட்ரேட்டும் அவர் கையிலிருந்து விழுந்ததுதான். மீன் கண்ணாடியருகே வந்து வாயைத் திறக்கும். பாவம், பசிக்கிறது போல என்று இன்னொரு சிட்டிகை போடுவார். தின்றதும் தின்னாததும் அம்மோனியாவாகும். பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாக்கி, பிறகு நைட்ரேட்டாக்கும். ஆக்சிஜன் நிறைந்த தண்ணீரில் வண்டி அதோடு நின்றுவிடும். பாதி புரதம் உள்ள தீனி ஒரு கிராமில் 80 மில்லிகிராம் நைட்ரஜன் இருக்கிறது. அது முழுவதும் நைட்ரேட்டானால் 200 லிட்டர் தொட்டியில் 1.8 ppm-க்குக் கொஞ்சம் குறைவாக ஏறும். அன்பு காட்டக் காட்ட ஏறும்.

தண்ணீரை மாற்றிவிட்டால் போயிற்று என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வாரம் 5 ppm ஏறும் தொட்டியில் வாராவாரம் 20 சதவீதத் தண்ணீரை மாற்றினால், அளவு 20-க்கும் 25-க்கும் நடுவே வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடும். எத்தனை மாதம் மாற்றினாலும் இறங்காது. மாற்றும் 40 லிட்டருக்கு ஒவ்வொரு தடவையும் 1.4 கிலோ கடலுப்பு செலவு. அதுவும் சமையல் உப்பு விலையில் கிடைப்பதில்லை.

ரெஃப்யூஜியம் வீட்டுக்குள் வருவது இந்தக் கட்டத்தில்தான். மீன்கள் நுழைய முடியாத ஒரு சின்ன அறை. பெரும்பாலும் தொட்டிக்கு அடியிலிருக்கும் அலமாரிக்குள் இருக்கும். தண்ணீர் மெதுவாக வந்துபோகும். உள்ளே கீட்டோமார்ஃபா பாசி, சிக்குப்பிடித்த பச்சை நைலான் நூல் மாதிரி. மேலே ஒரு விளக்கு. பாசி வளர நைட்ரஜன் வேண்டும். அதைத் தண்ணீரிலிருந்து எடுத்துக்கொள்ளும். விஷயம் புதிதல்ல. வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் வால்டர் ஏடி 1980-களிலேயே பாசியைக் கொண்டு பவளத்திட்டுத் தொட்டியைச் சுத்தமாக வைத்துக் காட்டினார்.

விளக்கை இரவில் எரியவிடுவதுதான் வழக்கம். மேல் தொட்டி இருட்டியதும் ஏறும் கார்பன் டை ஆக்சைடைக் கீழே பாசி இழுத்துக்கொள்வதால் pH அதிகம் சரியாது. நள்ளிரவில் அலமாரி இடுக்கில் ஊதா வெளிச்சத்தைக் கண்டு, ஊரிலிருந்து வந்த அத்தை வீட்டையே எழுப்பினால் அது தனிக் கதை. நடுவே கோப்பிபாட் என்னும் கண்ணுக்கு எட்டியும் எட்டாத பூச்சிகள் பாசிக்குள் பெருகும். சில மேலே அடித்துப்போய் மீனுக்கு இலவச விருந்தாகும்.

ஆனால் 200 லிட்டர் தொட்டியின் முதுகில் பத்து லிட்டர் பெட்டியை மாட்டிவிட்டுத் தீனியைக் குறைக்காமலிருந்தால், அது யானைப் பசிக்குச் சோளப்பொரி. பாஸ்பேட் அறவே தீர்ந்துபோனாலும் பாசி வளர்வதை நிறுத்திவிடும். இன்னொரு சிக்கல், பாசம். பச்சைப்பசேலென்று பெட்டி நிறைந்ததும் கத்தரிக்க மனம் வராது. கத்தரித்து வெளியே எடுத்தால்தான் நைட்ரஜன் வீட்டைவிட்டுப் போகும்; விட்டுவைத்தால் உள்ளே இருப்பது வெளிச்சமின்றி அழுகி, வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிடும்.

கீட்டோவுக்குப் பதில் அழகாயிருக்கிறதே என்று காலெர்பா வைப்பவர்களும் உண்டு. திடீரென ஒருநாள் அது இனப்பெருக்கத்தில் இறங்கி வெளுத்துக் கரைந்து, தொட்டியைப் பாலாக்கிவிடும். வெளியே போனால் இன்னும் மோசம். காலெர்பா டாக்ஸிஃபோலியா 1984-இல் மொனாக்கோவின் கடலியல் அருங்காட்சியகத்துக்குக் கீழே சிறு திட்டாகக் காணப்பட்டு, மத்தியதரைக் கடலடியில் பரவியது. 2000-இல் கலிஃபோர்னியாவில் தலைகாட்டியபோது, தார்ப்பாய் போட்டு மூடிக் குளோரின் விட்டார்கள். ஒழிந்தது என்று அறிவிக்க 2006 ஆயிற்று. செலவு எழுபது லட்சம் டாலருக்கு மேல்.

ஆகவே கத்தரித்த பாசியைக் கடலிலோ உப்பங்கழியிலோ விட்டுவிடாதீர்கள். வெயிலில் நன்றாகக் காயவைத்துக் குப்பையில் போடுங்கள். மீனுக்குத் தீனி போடும் பொறுப்பையும், முடிந்தால், வீட்டில் வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள்.