ஓய்வூதிய மிருதங்கம்

பணி ஓய்வு பெற்றதும் மிருதங்கம் கற்றுக்கொள்ளப் புறப்படும் ஒரு ரகம் மயிலாப்பூர், மாம்பலம் பக்கங்களில் உண்டு. இவர் முதலில் மிருதங்கத்தை வாங்குவார். குருவைத் தேடுவது பிறகுதான். கடையில் இருப்பதிலேயே பெரியதாகப் பார்த்து, 24 அங்குலத்தில் ஒன்றைத் தூக்கி வருவார். அதே காசுக்குப் பலாமரம் கூடுதலாகக் கிடைக்கிறதே! பெரிய மிருதங்கம் தக்குச் சுருதி, ஆண் குரலுக்குத்தான் சேரும் என்பது வீட்டுக்கு வந்தபின் தெரியும். வீட்டில் பாடத் தெரிந்தவர் மாமி ஒருவர்தான். அவருக்கு ஐந்து கட்டை.

குருவுக்கு இவர் மகன் வயது இருக்கும். தரையில் சப்பணமிட்டு உட்காரும் முயற்சியிலேயே முதல் வகுப்பு தீர்ந்துவிடும். அப்புறம் பாடம்: 'தத் தித் தொம் நம்'. சின்னப் பிள்ளைகளும் இதில்தான் தொடங்குகிறார்கள். முதல் காலம், இரண்டாம் காலம், மூன்றாம் காலம் என்று வாரக்கணக்கில் இதையே தட்ட வேண்டும். நம்மவருக்கு அது கட்டுபடியாகாது.

"தம்பி, நீங்க தஞ்சாவூர்ப் பாணியா, புதுக்கோட்டைப் பாணியா?" என்று ஆரம்பிப்பார். பழனி சுப்பிரமணிய பிள்ளை இடக்கைக்காரர் என்று, அந்தப் பையனுக்குத் தெரியாதது போல, எடுத்துச் சொல்வார். பாலக்காடு மணி ஐயரின் தொப்பி நாதத்தில் இறங்கினால் கரையேற அரைமணி ஆகும். குரு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "மாமா, மோதிர விரலை அழுத்தாதீங்கோ, பட்டும் படாம இருக்கணும். 'நம்' கேக்கவே இல்லை" என்பார்.

தொப்பி என்றால் இடந்தலை. அதன் நடுவில் ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து அப்பினால்தான் 'தொம்' கனமாக விழும். வாசித்து முடித்ததும் சுரண்டி எடுத்துவிட வேண்டும். அப்பும்போது இருக்கிற உற்சாகம் இவருக்குச் சுரண்டும்போது இருக்காது. அந்த வேலையை ராத்திரி கரப்பான்பூச்சிகள் பார்த்துக்கொள்ளும். உப்புமாவுக்கு வாங்கிய ரவை எங்கே போகிறது என்று மாமி கொஞ்ச நாள் குழம்பியிருப்பார்.

சுருதி சேர்ப்பது தனி வைபவம். கல்லை எடுத்து ஓரத்தைச் சுற்றித் தட்டிக்கொண்டே இருப்பார். "இன்னிக்கு வாசிப்பு பிரமாதம் சார்" என்று மேல்வீட்டுக்காரர் படியில் பாராட்டியது அந்தத் தட்டலைத்தான்.

மார்கழியில்தான் இவரைப் பார்க்க வேண்டும். போன வருஷம் வரை, தனி ஆவர்த்தனம் தொடங்கியதுமே போண்டாவுக்காக எழுந்தோடியவர்களில் முதல் ஆள் இவர். இப்போது எழுந்து போகிறவர்களை முறைக்கிறார். தொடையில் இவர் போடும் தாளம் நாலு வரிசைக்குக் கேட்கிறது. கோர்வை முடிந்து சமத்தில் விழும்போது பலமாகத் தலையாட்டுகிறார், வித்வானுக்கு ஒரு அட்சரம் முன்னதாகவே.

இருந்தாலும் தனிக்கு உட்கார்ந்து கேட்க ஒரு ஆள் கூடினால் வித்வானுக்கு லாபம்தான். சபாச் செயலாளர்கள் இவருக்கு ஒரு போண்டாவை இருக்கைக்கே அனுப்பிவைக்கலாம்.